டான்டோவை எப்படி கையில வாங்கி பாக்கணும், எப்படி துடைச்சு வைக்கணும்

ஜப்பான்ல யாராவது பழைய டான்டோ (ஜப்பான் குறுவாள்) ஒண்ண நம்பி உங்ககிட்ட குடுத்தா, சினிமால வர்ற மாதிரி சர்ருனு உருவாதீங்க. உறைய கிடைமட்டமா பிடிச்சு, கூர் மேல பாக்குற மாதிரி வச்சு, கத்தியோட முதுகு உறைக்குள்ள உரசிட்டே வர்ற மாதிரி மெதுவா இழுக்கணும். கத்திக்கு மேல குனிஞ்சு பேசக்கூடாது, எச்சி ஒரு துளி பட்டாலும் துரு பிடிச்சிடும்.

கத்தியோட நீளம் ஒரு ஷாக்கு, அதாவது 30.3 செமீ, அதுக்குள்ள இருந்தா டான்டோ, அதுக்கு மேல 2 ஷாக்கு வரைக்கும் வாகிஜாஷிங்கற சின்ன வாள். காமாகுரா காலத்துலதான் (1185–1333) டான்டோ செய்யறது உச்சத்துக்கு போச்சு. கியோட்டோ அவாடகுச்சி பட்டறைல யோஷிமிட்சு, காமாகுரா ஊர்ல ஷிந்தோகோ குனிமிட்சு, ரெண்டு பேருமே டான்டோவுக்குன்னே பேர் வாங்கின கொல்லருங்க. யோஷிமிட்சு கத்தி ஒண்ணப் பத்தி ஒரு கதை சொல்வாங்க: 1493ல போர்ல தோத்த ஹதகேயாமா மசனகா வயித்துல குத்திக்க பாத்தாராம், கத்தி இறங்கவே இல்ல, கோவத்துல தூக்கி எறிஞ்சா அது பக்கத்துல இருந்த மருந்து அரைக்கிற இரும்பு கல்வத்தை துளைச்சிட்டு போச்சாம், அதனால யாகென் தோஷிரோனு பேரு (யாகென்னா அந்த கல்வம், தோஷிரோ யோஷிமிட்சுவோட இன்னொரு பேரு). எவ்ளோ நிஜமோ, ஆனா கேக்க நல்லா இருக்கு.

சரி, பாக்குறதுக்கு வருவோம். டியூப்லைட் வேணாம், ஒத்த பல்பு போதும். கத்திய அந்த வெளிச்சத்துக்கு நேரா நீட்டி கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சுகிட்டே பாருங்க, ஒரு இடத்துல கூர் ஓரமா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஒரு கோடு எழும்பி வரும், அதுதான் ஹாமோன். கத்தி மேல களிமண் பூசுவாங்க, கூர் பக்கம் மெல்லிசா முதுகு பக்கம் தடிமனா, அப்புறம் பழுக்க காய்ச்சி தண்ணில முக்கும்போது கூர் சட்டுனு குளிர்ந்து கடினமாகுது, முதுகு நிதானமா குளிர்றதால இளக்கமா நின்னுடுது, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எல்லைதான் நம்ம பாக்குற கோடு. மலிவு டூப்ளிகேட்ல ஆசிட் வச்சு இத வரைஞ்சிருப்பாங்க, எப்படி திருப்பினாலும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரே தட்டையா தெரியும். நிஜமானதுல பொடி பொடியா மின்னும்.

துடைக்கிறதுக்கு பிடிய கழட்டணும். மூங்கில் ஆணிய (மெகுகி) தட்டி எடுத்துட்டு, பிடிய இடது கையில செங்குத்தா பிடிச்சு, அந்த மணிக்கட்டு மேல வலது முஷ்டியால தட்டுவாங்க. பெரிய வாளுக்கு பலமா தட்டலாம், டான்டோவுக்கு பூ மாதிரி தட்டுங்க, சின்னது, வெயிட் இல்ல, துள்ளி வெளிய வந்து விழுந்துடும். அப்புறம் மெல்லிசு பேப்பர முதுகு பக்கமா மடிச்சு பிடிச்சு அடியில இருந்து முனை வரைக்கும் ஒரே பக்கமா இழுங்க, முன்னும் பின்னும் தேய்க்கிறது கூடவே கூடாது. பட்டுத்துணி பந்துல கல்லுப்பொடி கட்டின உச்சிகோ இருக்கே, அத தட்டித் தட்டி அடிக்கடி போட்டா பாலிஷ் தேயும், அளவா வச்சுக்கோங்க. கடைசியா சோஜி எண்ணெய், பேருக்கு கிராம்பு எண்ணெய்தான், ஆனா இப்ப விக்கிறதுல பெரும்பாலும் மினரல் ஆயில்ல கொஞ்சூண்டு கிராம்பு வாசனை, அதனால நாட்டு மருந்து கடை கிராம்பு தைலத்த தடவிடாதீங்க ப்ளீஸ். வழியக்கூடாது, ஈரம் தெரிஞ்சா போதும்.

பிடிக்குள்ள போற வால் பகுதி, நகாகோ, அதுல இருக்கற கருப்பு துருவ மட்டும் தொடாதீங்க. வயசையும் செஞ்ச ஆளையும் கண்டுபிடிக்கிறதே அத வச்சுதான். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் சுத்தம் பண்றேன்னு உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்கிட்டாரு, கொல்லர் அதுல வெட்டின கையெழுத்து பாதி போச்சு, விலையும் போச்சு.

ஜப்பான்ல வாங்குறதா இருந்தா டோரோகுஷோங்கற பதிவு சீட்டு கூட இருக்கானு பாருங்க, 15 செமீயோ அதுக்கு மேலயோ இருக்கற இந்த மாதிரி வாள் எல்லாத்துக்கும் வேணும், அதுல போட்டிருக்கற நீளமும் கையெழுத்தும் கத்தியோட பொருந்தணும். நாட்டுக்கு வெளிய எடுத்துட்டு போக ஜப்பான் கலாச்சாரத் துறை அனுமதி தனியா வாங்கணும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அந்த வேலைய ஆரம்பிச்சிடுங்க.