மகளிர் நலப் பிரிவில் நோயாளியிடம் முழுமையாக விவரம் கேட்டறியும் முறை

மகளிர் நலப் பிரிவில் புதிதாகச் சேரும் மருத்துவர்களும் தாதியரும் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, "எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது" என்ற பதிலோடு நின்றுவிடாமல், அதைத் தேதியாகவும் நாள் கணக்காகவும் அளவாகவும் ஆக்கிக்கொள்வதைத்தான். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, கேட்கும் சில கேள்விகளுக்குத் தெளிவான விடை பெறுவதே நோயைக் கண்டறிய உதவும். சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்களிடம் தமிழிலேயே பேசி விவரம் கேட்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

அறையில் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். மாமியாரோ கணவரோ உடன் வந்திருந்தால், "எங்கள் வழக்கப்படி எல்லா நோயாளிகளிடமும் சில நிமிடங்கள் தனியாகப் பேசுவோம்" என்று பணிவாகச் சொல்லி அவர்களை வெளியே அமரச் செய்யலாம். பொது வழக்கம் என்று சொல்லும்போது யாரும் மனம் நோக மாட்டார்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது. கருக்கலைப்பையோ உடலுறவில் ஏற்படும் வலியையோ மகனின் வாய்வழியாகச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கு வேலை செய்யும் இல்லப் பணிப்பெண்களிடம் கூடுதல் கவனம் தேவை. கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை அனுமதிக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தோடுதான் அவர்களில் பலர் வருகிறார்கள், முதலாளியும் பல நேரங்களில் உடன் வந்திருப்பார். பணிப்பெண் தனியாக இருக்கும்போதுதான் கடைசி மாதவிடாய்த் தேதியையே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வந்த காரணத்தை அவர் தம் சொற்களில் சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்காதீர்கள். இடுப்பு வலி என்று வரும் அறுபது வயது அம்மா, இருமும்போது சிறுநீர் கசிவதையோ, கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் இருப்பதையோ எழுந்து போகும் நேரத்தில்தான் சொல்வார். அவற்றை நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்டால் தயங்காமல் சொல்பவர்கள், கேட்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் சொல்லாமலேயே இருந்துவிடுவார்கள்.

மாதவிடாய் பற்றிக் கேட்கும்போது கடைசியாகத் தொடங்கிய முதல் நாள், அதற்கு முந்தைய முறை தொடங்கிய நாள் என்று இரண்டு தேதிகளையும் பெற வேண்டும். தேதி நினைவில்லை என்றால் பொங்கலுக்கு முன்பா பின்பா, பள்ளி விடுமுறையிலா என்று கேட்டால் பெரும்பாலும் நினைவுக்கு வந்துவிடும். ஒரு முறை தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள்வரை 24 முதல் 38 நாள்கள் இருப்பதும், இரத்தப்போக்கு 8 நாளுக்கு மேல் நீடிக்காமல் இருப்பதும் இயல்பு. முடிந்த நாளிலிருந்து எண்ணும் பழக்கம் பலரிடம் இருப்பதால், அவர் எப்படிக் கணக்கிடுகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "அதிகமாகப் போகிறதா?" என்ற கேள்வியால் பயனில்லை, ஏனெனில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படியே இருந்திருந்தால் அதுவே இயல்பு என்று அவர் நினைத்திருப்பார். பேடை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார், இரவில் மாற்றுவதற்காக எழ வேண்டியிருக்கிறதா, ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ இரத்தக் கட்டிகள் வெளியேறுகின்றனவா, அந்த நாள்களில் வேலைக்குப் போக முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது என்றால் சோர்வு, மூச்சு வாங்குதல் பற்றியும் கேட்டு, இரத்தச் சோகைக்கான பரிசோதனையையும் செய்துவிட வேண்டும்.

நம் பெண்களிடம் மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று, மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் மாத்திரை. தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கவும், தீமிதியில் கலந்துகொள்ளவும், வீட்டில் திருமணமோ புதுமனைப் பூசையோ இருந்தாலும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையை எடுத்துக்கொள்பவர்கள் பலர். அதை அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை, ஆகவே "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் போக்கைக் கடைசி மாதவிடாய் என்று எழுதிக்கொண்டால் அதன்பிறகு போடும் கணக்கு எல்லாமே தவறும். இந்த மாத்திரையின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை இயக்குநீராக (ஹார்மோனாக) மாறுவதால், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது உகந்ததன்று. ஆகவே கடந்த சில மாதங்களில் கோவில் நிகழ்ச்சிக்காகவோ பயணத்துக்காகவோ மாத்திரை எடுத்தீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். தேக்காவில் வாங்கும் நாட்டு மருந்து, பேறுகாலத்துக்குப் பின் குடிக்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் இரத்தம் படுகிறதா, உடலுறவுக்குப் பின் படுகிறதா என்பவை தனித்தனிக் கேள்விகள். பின்னதற்கு ஆம் என்று பதில் வந்தால் கருப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்தபின் ஒரே ஒரு துளி பட்டாலும், அது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயாக இல்லை என்று உறுதியாகும்வரை விடக் கூடாது. "ஒரு தடவைதான் பட்டது, பிறகு நின்றுவிட்டது" என்று அவர் ஆறுதலாகச் சொன்னாலும் மேல்பரிசோதனைக்கு அனுப்புங்கள். வலியைப் பொறுத்தவரை, மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் வலி, உடலுறவில் ஆழத்தில் உணரும் வலி, அந்த நாள்களில் மலம் கழிக்கும்போது வரும் வலி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) நினைவுக்கு வர வேண்டும். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று கேட்டுக் கேட்டே பல ஆண்டுகளை வலியோடு கழித்த பெண்களைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

"திருமணமாகிவிட்டதா?" என்று கேட்டு, அதிலிருந்து உடலுறவு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். "எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான், நீங்கள் சொல்வது சிகிச்சைக்காக மட்டுமே பயன்படும்" என்ற முன்னுரையோடு, உடலுறவு இருந்திருக்கிறதா, எந்தக் கருத்தடை முறை, வலியோ எரிச்சலோ உண்டா என்று தாழ்ந்த குரலில், ஆனால் தெளிவான சொற்களில் கேளுங்கள். குழந்தை பெறும் வயதில் அடிவயிற்று வலியோடு வருபவர் என்ன பதில் சொன்னாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிய கரு உயிருக்கே ஆபத்தானது. வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, விருப்பமில்லாமல் உறவுக்கு வற்புறுத்துகிறார்களா என்பதையும் இந்தத் தனிமையிலேயே கேட்டாக வேண்டும். ஆம் என்றால், 24 மணி நேரமும் இயங்கும் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணைத் தாருங்கள். வீட்டில் கண்டுபிடிக்கப்படும் என்று அஞ்சினால் தாளில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். மொத்தம் எத்தனை முறை கரு உண்டானது, தங்காமல் போனது எத்தனை, கலைத்தது உண்டா, அறுவைப் பிரசவம் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். சிங்கப்பூரில் 24 வாரம்வரை கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது, ஆயினும் கணவருக்குத் தெரியாமல் செய்துகொண்டவர்கள் இருப்பார்கள். கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னாளில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம்.

மற்ற நோய்கள், ஒவ்வாமை, புகைப்பழக்கம் ஆகியவற்றை விரைவாகக் கேட்டு முடிக்கலாம். ஆனால் கருத்தடை மாத்திரை கேட்டு வருபவரிடம், தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல்போல் தெரியும் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்காமல் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தரக் கூடாது. மார்பகம், சினைப்பை, குடல் புற்றுநோய்களைக் குடும்பத்தில் தேடும்போது தந்தைவழி அத்தை, பாட்டியையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணுக் கோளாறு தந்தை வழியாகவும் வரும்.

கருப்பை வாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார், முடிவு என்ன என்பதையும் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் 25 முதல் 29 வயதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனையும் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது), 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. 2019 முதல் உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் படிக்கும் மாணவியருக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடப்படுவதால், இளம்பெண்களிடம் அதையும் கேளுங்கள். திருமணமாகி இங்கு வந்த பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்யாதவர்கள் இருப்பார்கள். ஏன் செய்யவில்லை என்று குற்றம் சாட்டும் தொனியில் கேட்டுவிட்டால் அடுத்த முறையும் வர மாட்டார்கள்.

முடிவில் நீங்கள் எழுதிக்கொண்ட தேதிகளையும் மருந்துகளையும் அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். பிறகு உட்பரிசோதனை ஏன் தேவை, அதில் என்ன செய்யப்படும் என்பதை விளக்கி ஒப்புதல் பெற்று, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, அவர் விரும்பும்போது எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையும் தெரிவித்து, பெண் தாதி ஒருவர் உடன் இருக்கையில் பரிசோதனையைத் தொடங்குங்கள்.