நுண்ணறிவுச் சோதனையும் மூளைப் பயிற்சியும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலாளர் தரும் அறிக்கையில் ‘ஐ.க்யூ. 98’ என்றிருந்தால், அதை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணாக எண்ணி மகிழும் பெற்றோரும் உண்டு. நூறைத் தொடவில்லையே என்று வருந்துவோரும் உண்டு. இரண்டுமே தவறு. ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவில் 100 என்பது முழு மதிப்பெண் அன்று. ஒரே வயதுடையோரின் சராசரி. நூறு பேரில் ஏறத்தாழ 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் அமைவார்கள், 130-ஐத் தாண்டுவோர் இரண்டு பேர் மட்டுமே இருப்பார்கள் என்ற வகையில்தான் அளவுகோல் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்த எண், கூட்டத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்கிறதே தவிர, தலைக்குள் அறிவு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 120 பெற்றவர் 60 பெற்றவரைவிட இரு மடங்கு அறிவாளி என்பதற்குப் பொருளே இல்லை.

தொடக்கத்தில் இந்தக் கணக்கு வேறாக இருந்தது. மன வயதை, அதாவது பிள்ளையின் திறன் எந்த வயதினரின் திறனுக்கு இணையோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கும் முறையை ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் 1912-இல் முன்வைத்தார். பத்து வயதுப் பிள்ளைகள் செய்வதை எட்டு வயதுப் பிள்ளை செய்தால், வகுத்து வருவதை நூறால் பெருக்க 125 கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாற்பது வயதின் ‘மன வயது’ இருபது வயதின் இரு மடங்காக வளர்வதில்லை. அதனால்தான் அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனையில், சம வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்க்கும் முறை வந்தது.

அடுத்த தவறு, எண்ணைத் துல்லியமான எடைபோல நம்புவது. பிள்ளை அன்று தூங்கியதா, பசித்திருந்ததா, சோதிப்பவரைக் கண்டு மிரண்டதா என்பதெல்லாம் விடைகளில் தெரியும். நல்ல அறிக்கை ஒற்றை எண்ணோடு நிற்காமல், உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிடும். அதைப் படிக்காமல் அக்காவின் 108-ஐயும் தம்பியின் 104-ஐயும் ஒப்பிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. வெவ்வேறு சோதனைகளின் எண்களை அருகருகே வைப்பதும் பயனற்றது. வெக்ஸ்லர் அளவுகோலில் 130 பெறும் இடமும், உளவியலாளர் ரேமண்ட் கேட்டலின் (Cattell) அளவுகோலில் 148 பெறும் இடமும் ஒன்றே. இணையத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வினாத்தாள்கள் எந்த மக்கள்தொகையின் சராசரியோடு ஒப்பிடுகின்றன என்பதே பெரும்பாலும் தெரியாததால், அவற்றைப் பொழுதுபோக்காக மட்டுமே கொள்ளலாம்.

மொழியைக் கவனிக்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொற்பொருள் வினா கேட்டால், அளக்கப்படுவது நுண்ணறிவா ஆங்கிலமா என்று பிரித்தறிய முடியாது. இந்திய உளவியலாளர் வி. வி. காமத், பிரான்சில் உருவான பினே சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு திருத்தி 1934-இல் வெளியிட்டதன் தேவை இதுதான். எனினும் சம வயதினரின் சராசரியைக் காட்டும் பழைய ஒப்பீட்டு அட்டவணைகளை இன்றைய பிள்ளைக்கு அப்படியே பொருத்துவதும் சரியன்று. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி அளவில் உயர்ந்து வந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் எடுத்துக்காட்டினார். அட்டவணை பழையதானால் எண் உண்மையைவிட உயர்ந்து தோன்றும். எனவே எந்தச் சோதனை, எந்த மொழியில், எந்த ஆண்டின் அட்டவணை என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

எண்ணைத் தலையெழுத்தாகக் கொள்வதே எல்லாவற்றிலும் வருத்தமூட்டும் தவறு. பிரெஞ்சு அறிஞர்கள் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சைமனும் 1905-இல் பாரிசில் முதல் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டறியத்தான். அறிவு கூட்ட முடியாத அளவு என்ற கருத்தைப் பினே வெளிப்படையாக எதிர்த்தார். கவனத்தை வளர்க்க, பிள்ளைகளைச் சிலைபோல அசையாமல் நிற்கச் செய்யும் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார்.

அந்த நல்லெண்ணத்தை இன்று விற்பனைக்குப் பயன்படுத்துவோர் பலர். கைரேகையைப் பார்த்துப் பிள்ளையின் திறனைச் சொல்வதாகப் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் சோதனைக்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கக் கற்பிப்பதாகச் சொல்லும் ‘மிட் பிரெயின்’ வகுப்புக்கும் அறிவியல் சான்று கிடையாது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே பார்க்க முடியும் என்பதே பின்னதன் விளக்கம். மூளைப் பயிற்சிச் செயலிகளைப் பொறுத்தவரை, பயின்ற விளையாட்டில் திறமை கூடுகிறது. அது படிப்புக்கோ அன்றாட வேலைக்கோ பரவுவதற்கான சான்று மிகவும் பலவீனமானது. ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள, அத்தகைய செயலியை விற்கும் லுமாசிட்டி நிறுவனம் 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

படிக்கும் முறையிலோ உறுதியான பயன் உண்டு. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நன்றாகப் படித்த உணர்வைத் தருகிறது. தவறு மறைந்திருப்பது அங்கேதான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நாள் இடைவெளி விட்டு இப்படி எழுதிப் பார்ப்பதற்கும், இரவில் போதிய அளவு தூங்குவதற்கும் கட்டணம் கிடையாது.

பள்ளியில் திடீரெனப் பின்தங்கும் பிள்ளையை நேராக நுண்ணறிவுச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும் ஓர் அவசரமே. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும், ஆசிரியரின் குரல் பாதி மட்டுமே கேட்கும் பிள்ளையும் மந்தமானவர்களாகத் தோன்றக்கூடும் என்பதால், கண் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் முதலில் முடிந்திருக்க வேண்டும்.