ஊடல் வேறு, பகை வேறு: டார்க் ஃபேண்டஸியில் எதிரிகளைக் காதலர்களாக்குவது எப்படி?

டார்க் ஃபேண்டஸியில், அதாவது இருள் தோய்ந்த மாயப் புனைவில், எதிரிகள் காதலர்களாகும் கதையை எழுத உட்காருபவர்களில் பலர் முதல் அத்தியாயத்திலேயே சறுக்குகிறார்கள். பகை என்று நினைத்து ஊடலை எழுதிவிடுகிறார்கள். ஊடலில் இருவருக்குமே உள்ளூரத் தெரியும், கடைசியில் சமாதானம் ஆகிவிடும் என்று. பகையில் ஒருவர் பிழைத்தால் மற்றவருக்கு இழப்பு. அதனால் எழுதுவதற்கு முன் இரண்டே வரி குறித்துக்கொள்ளுங்கள்: அவன் வென்றால் அவளுக்கு என்ன போகும்? அவள் வென்றால் அவனுக்கு என்ன போகும்? "மானம்" என்று பதில் வந்தால் போதாது. ஓர் ஊர், ஓர் உயிர், தம்பியின் கண்பார்வை என்று குறிப்பாக வரவேண்டும்.

சிங்கப்பூரில் எழுதுபவர் களம் தேடி அலைய வேண்டாம். ஃபோர்ட் கேனிங் குன்றின் பழைய மலாய்ப் பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று நின்றது. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, அந்த எழுத்தை இன்றுவரை யாரும் படித்தறியவில்லை.

இதிலிருந்தே பகையைக் கட்டலாம். ஒரு குடி அந்த எழுத்தைப் படிக்கும், ஒவ்வொரு வரிக்கும் எதிர்க்குடியில் ஒரு குழந்தை தன் பெயரை மறக்கும். படிக்காவிட்டால் கடல் உள்ளே வரும். இப்போது இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருள் என்பது இதுதான். மழை, மண்டை ஓடு, கறுப்பு அங்கி எல்லாம் ஒப்பனை.

இந்த வகைக் கதை ஏன் இழுக்கிறது? எதிரி அளவுக்கு நம்மைக் கூர்ந்து கவனிப்பவர் வேறு யாரும் இல்லை. ஆகவே, சண்டையில் மட்டுமே தெரிந்துகொள்ளக்கூடிய மூன்று விஷயங்களை ஒருவரைப் பற்றி மற்றவருக்குக் கொடுங்கள். முதலில் அது ஆயுதம். பிறகு, கையில் இருந்தும் வீசாத ஆயுதம். கடைசியில் அக்கறை.

குன்றின் படிகளில் இருவரையும் காவலர்கள் துரத்துகிறார்கள் என்று வையுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனுடைய இடது முழங்காலில் குத்தியவள் அவள்தான். இப்போது பத்துப் படிக்கு ஒருமுறை நின்று குனிந்து பாதத்தைத் தடவுகிறாள்.

"முள்ளா?"

"ம்."

படி முழுக்கக் கருங்கல். முள்ளுக்கு அங்கே வழியே இல்லை என்று அவனுக்கும் தெரியும். இதோடு காட்சியை நிறுத்திவிட வேண்டும். "அவள் மனம் இளகியது" என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் பாழ்.

நமக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: நீ, நீங்கள். தொடக்கத்தில் அவன் அவளை "நீ" என்கிறான், ஆளும் குடியின் திமிர் அது. அவள் "நீங்கள்" என்கிறாள். அது மரியாதை இல்லை, மதில். அவன் அவளிடம் கைதியாகச் சிக்கும் நாளில் "நீ" அவள் வாய்க்கு மாறட்டும். நடுவில் நான்கைந்து அத்தியாயங்களுக்கு இருவரையும் மொட்டையாகப் பேசவிடுங்கள்: "சாப்பிட்டாச்சா?", "காயம் ஆறிடுச்சா?" எப்படி அழைப்பது என்று தெரியாமல் நம் வீடுகளில் பேசுவார்களே, அதே பேச்சு. அதற்குப் பிறகு வரும் ஒரே ஒரு "நீ" முத்தத்தைவிட ஆழமாக இறங்கும். "டா", "டி" எல்லாம் வேண்டாம், கதை கல்லூரி வளாகத்துக்குப் போய்விடும்.

அளவு: 60,000 சொல் நாவலில் முதல் 20,000 சொற்களுக்குள் இரக்கமே தலைகாட்டக் கூடாது. முதல் தொடுகை நடுப்பகுதியில். 45,000 வாக்கில் ஒரு துரோகம், அதுவும் பழைய பகையின் காரணத்துக்காகவே. சிறுகதை 3,000 சொல்தான் என்றால் காதல்வரை போகாதீர்கள். ஓங்கிய கை இறங்காத இடத்தில் முடித்துவிடுங்கள்.

அடிக்கடி கெடுவது மூன்று இடங்களில். பகை முழுக்கத் தவறான புரிதலால் வந்தது என்று வெளிப்படுத்துவது முதலாவது. அதுவரை படித்தவரை ஏமாற்றுகிற வேலை. இரண்டாவது, இருவரையும் சேர்க்க மூன்றாவதாக ஒரு பெரிய வில்லனை இறக்குவது. மூன்றாவதுதான் மோசம்: அடைத்துவைப்பதையும் அடிப்பதையும் ஆசை என்று காட்டுவது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் வழி அவளுக்குத் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தும் அவள் உட்கார்ந்திருந்தால்தான் அது காதல்.

அவன் அவளுடைய அண்ணனைக் கொன்றிருந்தால், அவனுடைய சோகமான பால்யத்தைச் சொல்லி அதைக் கழுவ முடியாது. அவள் பக்கத்தில் ஒருவராவது கடைசிவரை மன்னிக்கக் கூடாது. அம்மாவாக இருந்தால் நல்லது. கடைசி அத்தியாயத்தில் அவன் வாசலில் வந்து நிற்கும்போது, அம்மா மகளுக்கு மட்டும் சோறு போட்டுவிட்டு உள்ளே போகட்டும்.