தென்மலைக்கு ரயிலில்: பதிமூணு கண்ணறைப் பாலத்தைக் கோட்டை விடாமல் பார்ப்பது எப்படி?

நான் கேரள எல்லையோர ஊரான ஆரியங்காவுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, தென்மலைப் பக்கம் இருக்கும் பதிமூன்று வளைவுள்ள (கண்ணறை என்றால் வளைவு) பழைய ரயில் பாலத்தைப் பார்ப்பது எப்படி என்று திருநெல்வேலிச் சொந்தங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைக்கிறேன்.

முதலில் வண்டி. பாலருவி எக்ஸ்பிரஸ் வேண்டாம். அது மலையைக் கடப்பது நடுராத்திரியில். ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். மதுரை–குருவாயூர் வண்டி பகலில் போகிறது. செங்கோட்டையில் ஏறி, தென்மலைக்கு டிக்கெட் எடுங்கள். ஏசி பெட்டி வீண் செலவு. திறந்த ஜன்னல்தான் இந்தப் பயணமே.

பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். சுரங்கப்பாதை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. சட்டென்று இருட்டி, ஈரப்பாறை வாசம் உள்ளே வரும், பிள்ளைகள் கத்துவார்கள். வெளிச்சம் வந்தால் கேரளா. (1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது என்று என் மாமனார் இந்த இடத்தில் தவறாமல் சொல்வார்.) அப்புறம் ஆரியங்காவு, நியூ ஆரியங்காவு என்று இரண்டு ஸ்டேஷன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டிலும் இறங்காதீர்கள்.

இப்போது நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். கழுதுருட்டிப் பக்கம் வண்டி பாலத்தின் மேல் போகும். நீங்களே அதன் மேல் இருக்கும்போது பாலம் எப்படித் தெரியும்? பள்ளத்தில் ரோடும் மரங்களும் தெரியும், அவ்வளவுதான். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய கருங்கல் பாலம். பதிமூன்று வளைவுகளையும் கீழே ரோட்டில் நின்றுதான் எண்ண முடியும்.

ஆகவே தென்மலையில் இறங்கி, ரோட்டுக்கு வந்து, வந்த திசையிலேயே திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள்: ஆரியங்காவு, தென்காசி போர்டு. கண்டக்டரிடம் "பதிமூணு கண்ணறை" என்றே கேளுங்கள். முதல் தடவை நான் "பெரிய பழைய பாலம்" என்று ரோட்டில் நின்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். பாவம், அந்தப் பெரியவர் என்னைப் புனலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். போய் இறங்கினால் எதிரே 1877-ல் கட்டிய தூக்குப் பாலம்! அதுவும் அழகுதான். ஆனால் நான் தேடிப்போனது அதுவல்லவே.

2010-ல் மீட்டர் கேஜை (பழைய குறுகிய ரயில் பாதையை) நிறுத்தி, 2018-ல் அகலப்பாதையில் முழுவதும் ஓடத் தொடங்கியபோதும் இந்தப் பாலத்தை இடிக்கவில்லை. இன்றும் வண்டி அதன் மேல்தான் போகிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன சித்தி மகன், தண்டவாளத்தில் நின்று எடுத்த செல்ஃபியை எனக்கே அனுப்பினான். தம்பி, அது வண்டி ஓடுகிற லைன். கீழே ரோட்டோரம் நின்று எடு. பதிமூன்றும் அங்கிருந்துதான் ஒரே படத்தில் விழும். மழை நாளென்றால் குடையோடு காலுறையும் போட்டுக்கொள், அட்டை ஏறும்.