‘எங்கேயும் நிக்காம போயிடலாம்’: காரிலும் சைக்கிளிலும் நாங்கள் செய்த தவறுகள்

தாம்பரத்திலிருந்து திருமயம் பக்கத்தில் இருக்கும் என் அம்மா ஊருக்கு ஏறத்தாழ 380 கிலோமீட்டர். அரையாண்டு லீவுக்கு ஒரு தடவை, கோடை லீவுக்கு ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது காரில் போய்விடுவோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் அம்மா. டிக்கியில் மகளின் சைக்கிள். ஏழெட்டு வருஷமாக இப்படிப் போய் வந்ததில், செய்யக்கூடாததை எல்லாம் ஏறக்குறைய செய்து முடித்துவிட்டோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு தலைப்பிலேயே இருக்கிறது. “எங்கேயும் நிக்காம போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர்ல இருக்கலாம்” என்று கிளம்பும்போதே ஒருவர் சொல்வார். எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரர். ஒரு வருஷம் நிஜமாகவே அப்படிப் போய்ச் சேர்ந்தோம். ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரில் பக்கத்து வீட்டு அக்கா என் மகனிடம், “வழியில என்னடா பார்த்தே?” என்று கேட்டார். அவன் யோசித்துவிட்டு, “டோல்கேட்” என்றான்.

அதற்கு அடுத்த தடவை உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பின் டயரில் காற்று இறங்கியது. ஒரு பஞ்சர் கடையில் ஓரங்கட்டினோம். கடைக்காரர் டயர் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஓரிடத்தில் மட்டும் குமிழ் குமிழாக நுரை வந்தது. ஆணியைக் குறட்டால் பிடுங்கி, பசை தடவிய திரியை ஓட்டைக்குள் குத்தி ஏற்றினார். பிள்ளைகள் இரண்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தன. எதிரே புளியமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் என் அம்மா உறவுமுறை வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் போனது. வீட்டுக்காரருக்கு முகமே சரியில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் பேசியது அந்தப் பஞ்சர் கடையைப் பற்றித்தான்.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்கும். யாருக்கும் பாத்ரூம் வரவில்லை என்றாலும் நிற்கும். பதினைந்து நிமிஷமாவது எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பித்தளை டவராவில் காபி தரும் கடை, கொய்யாக்கூடை, வெள்ளரிப்பிஞ்சு, எதுவாகவும் இருக்கலாம். இந்த நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு ‘கும்பகோணம் டிகிரி காபி’ இருக்கிறது. கும்பகோணத்துக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கும் இது நல்லது. கால் மரத்துப்போவதும் கண் சொக்குவதும் குறையும்.

நிற்கப் பழகியதும் நேர் எதிரான தவறுக்குப் போனோம். இதைச் செய்தது நான். வழியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று வேடந்தாங்கல், சிறுவாச்சூர், சமயபுரம், ஸ்ரீரங்கம், நார்த்தாமலை, சித்தன்னவாசல் என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறப்பார்கள். நாங்கள் போய் நின்றது புதன்கிழமை. சமயபுரத்தில் வரிசையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கும்பிட்டோம். சித்தன்னவாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தக் குகையின் கூரையில் இருக்கும் தாமரைக்குளத்து ஓவியத்தை என் அவசரத்தால் பார்க்க முடியாமல் போனது. காருக்குள் மூன்று பேர் பேசிக்கொள்ளாமல் ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது ஒரு பயணத்துக்கு ஓர் இடம்தான். அரையாண்டு லீவில் வேடந்தாங்கல். படாளம் கூட்டுரோட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் சுமார் பத்து கிலோமீட்டர். நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகள் இருக்கும், ஏரியில் தண்ணீர் இருந்தால். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். உச்சி வெயிலில் போனால் தூங்குமூஞ்சிக் கொக்குகளைத்தான் பார்க்க முடியும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்றும், பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்றும் அம்மா சொன்னபோது, “அப்போ கக்கா போட்டா காசா?” என்று மகன் கேட்டான். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். கோடையில் திருமயம் கோட்டை. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டியது. சாயங்காலம் மேலே ஏறிப் பீரங்கிக்குப் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் இறங்க மனசு வராது.

ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவது இன்னொரு தவறு. ‘டிராஃபிக் இருக்காது, பிள்ளைங்க தூங்கிடும்’ என்பார்கள். தூங்கும் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை என்பது ஒரு பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகப் பார்க்கும் என்பதுதான் பெரிய விஷயம். பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, முகத்தைக் கழுவுவது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். காபியும் குடித்த உடனே வேலை செய்யாது. அரை மணி நேரம் ஆகும். கொட்டாவி அடுத்தடுத்து வந்தால் வெளிச்சமான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்குவது ஒன்றே வழி. நாங்கள் விடிகாலை ஐந்தரைக்குக் கோலம் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். முதல் நாள் ராத்திரி ஓட்டுகிறவரை ஒன்பதரைக்கே படுக்க அனுப்பிவிடுவது என் பொறுப்பு.

வாந்தி எடுக்கும் பிள்ளையிடம் செல்போனைக் கொடுப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அழுகையை நிறுத்தக் கொடுக்கிறோம், அது வாந்தியைக் கூட்டிவிடுகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்கிறது, திரையைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூளைதான் வயிற்றைப் புரட்டுகிறது. தூரத்து மலையையோ முன்னால் போகும் சாலையையோ பார்க்க வைத்தால் குறையும். காலையில் பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். எங்கள் வீட்டில் ஒரு பந்தயம் உண்டு. திருச்சியில் கொள்ளிடம் பாலம் வரும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை முதலில் பார்க்கிறவருக்கு ஒரு கடலைமிட்டாய் அதிகம். 236 அடிக் கோபுரம், வலப்பக்கம் கட்டடங்களுக்கும் தென்னைகளுக்கும் மேலே எட்டிப் பார்க்கும். சமயபுரம் டோல்கேட்டிலிருந்தே இருவரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள்.

சீட் பெல்ட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பின்சீட்டில் இருப்பவர்களும் போட வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது அன்பு அல்ல. ஏர்பேக் வெடித்தால் அதன் அடி முழுவதும் குழந்தைக்குத்தான்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

ஊருக்குப் போய் என்ன செய்வது, பிள்ளைகளுக்குப் பொழுது போகாதே என்ற கவலையில்தான் மகளின் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தோம். கடைசி வரிசை சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் 24 இஞ்ச் சைக்கிள் உள்ளே போய்விடும். காருக்குப் பின்னால் கேரியரில் மாட்டுவதென்றால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் கேபிளையும் விடுவிப்போம் இல்லையா, அதைத் திரும்ப மாட்ட மறப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நாங்கள் மறந்தோம். மகள் ஏறி மிதித்து, தெருமுனைத் திருப்பத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் ஒன்றுமே இல்லை. நேராகச் சீமைக்கருவேலமரப் புதருக்குள் போய்த்தான் நின்றாள். முள் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இப்போது சக்கரத்தை மாட்டியதும் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது.

அந்தச் சைக்கிள் வாங்கியதிலேயே ஒரு தவறு இருக்கிறது. ‘வளர்ற பிள்ளைதானே’ என்று தீபாவளிச் சட்டை எடுப்பதுபோல் ஒரு சைஸ் பெரிதாக எடுத்தோம். சட்டை தொளதொளவென்று இருந்தால் அழகு கெடும், அவ்வளவுதான். சைக்கிள் பெரிதாக இருந்தால் பிள்ளைக்குக் கால் தரையில் எட்டாது, பயம் வரும், ஒரு வருஷம் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது. பழகுகிற பிள்ளைக்குச் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் நுனியும் தரையில் பட வேண்டும். பழகிய பிறகு சீட்டை ஏற்றிவிடலாம். கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. பெரியவர்கள் பலர் சீட்டை அடியோடு இறக்கிவைத்து மிதித்துவிட்டு, ‘சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது’ என்கிறார்கள்.

மகள் கடைசியில் ஓட்டக் கற்றுக்கொண்டது என்னிடமோ அவள் அப்பாவிடமோ இல்லை. நாங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினோம். அதுவும் தவறுதான், ஹேண்டிலை நாம் பிடித்தால் பிள்ளைக்குச் சமநிலை எப்படி வரும்? சைடு வீலும் இதே கதை. அம்மா இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “தள்ளுங்க ரெண்டு பேரும்” என்று எழுந்து வந்தார். இரண்டு பெடலையும் கழற்றச் சொன்னார். சீட்டை இறக்கி, காலால் உந்தி உந்திப் போகச் சொன்னார். மறுநாள் பெடலை மாட்டி, இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பிடியை எப்போது விட்டார் என்று மகளுக்கு இன்றைக்கும் தெரியாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டவர்கள் பலர். அதுவே சௌகரியம் என்று சொன்னவர்களும் உண்டு, முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. அப்படிப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைக்கப்பட்ட குழந்தைகளில் நானும் ஒருத்தி. அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயசு. ஊர் சிரித்தது, அப்பா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே பம்பு வாங்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு தெரிந்தவரைத்தான் நாங்கள் ஏழெட்டு வருஷமாகப் பின்சீட்டில் தலையணை கொடுத்து, மாத்திரை டப்பாவோடு ‘பத்திரமாக’ ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரையில் சொன்ன தவறுகளிலேயே இதைத்தான் பெரியது என்பேன்.

இன்னும் சில, வேகமாக. கிராமத்து ரோடுதானே என்று ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள். மினி பஸ்ஸும் மணல் லாரியும் அங்கேதான் விரட்டிக்கொண்டு வரும். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் நாலரைக்கு மேல். சைக்கிள் டயரில் எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். செயினுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள். பிசுபிசுவென்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கிலோமீட்டர் எண்ணுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம். என் வீட்டுக்காரர் ஒரு லீவில் வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்து, செல்போனில் ஆப்பைப் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தைலமரக் காட்டைத் தாண்டிக் கண்மாய்க் கரை வரை போய்வரலாம் என்று திட்டம். வழியில் மயில் நின்றது என்று அவள் நின்றாள். “நிக்காத, ஆவரேஜ் குறையும்” என்றார். முந்திரிக்காட்டில் ஒரு ஆட்டுக்குட்டி பின்னாலேயே வந்தது என்று மறுபடி நின்றாள். மறுபடியும் அதே பாட்டு. மறுநாள் கூப்பிட்டபோது அவளுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. மூன்றாம் நாளும் வயிற்று வலி. ஆப்பில் மட்டும் ‘வாழ்த்துகள்’ என்று வந்துகொண்டிருந்தது.

போன அரையாண்டு லீவில் ஒருநாள் காலை காபிக்குப் பால் இல்லை. சொசைட்டி வரை போய் வாங்கி வருகிறோம் என்று அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு ஜென்ட்ஸ் சைக்கிளில் அம்மா, தன் சைக்கிளில் மகள், அவள் ஹேண்டிலில் தூக்குவாளி. பத்து நிமிஷ வேலை. அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்காரர் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் பெல் அடித்துக்கொண்டே வந்தார்கள். அம்மாவின் சேலையில் செம்மண், மகளின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு, தூக்குவாளி நிறைய இலந்தப்பழம்.

“பால் எங்க அத்தை?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அம்மா என் மகளைப் பார்த்தார். மகள் தூக்குவாளியைப் பார்த்தாள்.

“அட, ஆமா மாப்ளே” என்றார் அம்மா, சைக்கிளை மறுபடியும் திருப்பிக்கொண்டே.