ஒரே ஆள், பல பொறுப்பு: ரோல் வைத்து கிளாஸ் எழுதும் முறை

கல்லூரி நிர்வாக மென்பொருள் என்றால், 'நபர்' என்று ஒரு கிளாஸ் (ஒரு வகைக்கான வார்ப்பு) போட்டு அதன் கீழே 'மாணவர்', 'ஆசிரியர்' என்று சப்கிளாஸ் எழுதத்தான் எல்லோருக்கும் கை போகிறது. பிஎச்.டி. படித்துக்கொண்டே இளங்கலை வகுப்பும் எடுக்கும் ஒருவர் வந்ததும் இது உடைகிறது. அவரையே விடுதி வார்டனாகவும் போடுவார்கள். தனியாகவும் சேர்த்தும் எண்ணினால் 3 பொறுப்புக்கு 7 சேர்க்கை, 4 வந்தால் 15. அத்தனைக்கும் சப்கிளாஸ் எழுத முடியுமா? போதாததற்கு, ஜாவாவில் ஒரு கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்ட் பிறகு தன் கிளாஸை மாற்றிக்கொள்ளாது. படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்பவருக்குப் புது ஆப்ஜெக்ட் உருவாக்கி, பழையதைச் சுட்டும் ரெஃபரன்ஸ்களை எல்லாம் தேடித் தேடி மாற்ற வேண்டும்.

அதனால் நான் கிளாஸ் பெயர் எதையும் யோசிக்காமல், நடக்கிற வேலை ஒன்றை எடுத்து எழுதிப் பார்ப்பேன். உதாரணமாக, நூலகம்: இரவல் கேட்பவர் புத்தகத்தைக் கொண்டுவருகிறார், வழங்குபவர் அவருடைய வரம்பைப் பார்த்து, அவர் பெயரில் பதிகிறார். மாணவர், ஆசிரியர் என்ற பேச்சே இங்கே எழவில்லை. இரவல் கேட்பவர், வழங்குபவர் என்ற இரண்டும்தான் ரோல், அதாவது அந்த வேலையில் ஒருவர் ஏற்கும் பங்கு.

அடுத்து, இரவல் கேட்பவரிடம் இந்த வேலைக்கு என்ன தேவை? வரம்பு எவ்வளவு, கையில் எத்தனை புத்தகம் இருக்கிறது, இன்னொன்றைச் சேர். அவ்வளவுதான். இந்த மூன்று மெத்தடை (ஆப்ஜெக்ட் செய்யும் செயல்களை) மட்டும் ஒரு இன்டர்ஃபேஸில், அதாவது என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் பட்டியலில், வையுங்கள். பைத்தான் என்றால் இதற்கு 3.8 பதிப்பு முதல் புரோட்டகால் இருக்கிறது. முகவரி, பிறந்த தேதி எதையும் உள்ளே விடாதீர்கள்.

தரவை எங்கே வைப்பது? பொறுப்பு போனால் அந்தத் தகவலும் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். வார்டனுக்கான படித்தொகை போகும், பெயர் போகாது. போவதை ரோல் ஆப்ஜெக்டிலும் நிற்பதை நபரிலும் வையுங்கள். நபரிடம் ரோல்களின் பட்டியல் ஒன்று இருக்கட்டும்: சேர்க்க, தேட, நீக்க. 1997-இல் ரோல் ஆப்ஜெக்ட் பேட்டர்ன் என்று எழுதிவைக்கப்பட்ட முறையின் சாரம் இதுதான்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் அடையாளம். வழங்குபவர் தனக்குத் தானே புத்தகம் வழங்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். இரண்டு ரோல் ஆப்ஜெக்டையும் நேராக ஒப்பிட்டால் எப்போதும் வேறு வேறு என்றே வரும், ஆள் ஒருவராகவே இருந்தாலும். ஆகவே ஒவ்வொரு ரோலும் தன் நபரைத் திருப்பித் தர ஒரு மெத்தட் வேண்டும். ஒப்பீடு எப்போதும் நபரின் எண்ணை வைத்தே நடக்க வேண்டும். இதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

ரோலுக்கென்று சொந்தத் தரவே இல்லையா? அப்போது இத்தனை கட்டமைப்பு வேண்டாம். 1979-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எம்விசியை (நிரலை மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று பிரிக்கும் முறையை) வகுத்த நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக், பிற்காலத்தில் டிசிஐ (டேட்டா, கான்டெக்ஸ்ட், இன்டராக்ஷன்) என்ற முறையை முன்வைத்தார். பணப் பரிமாற்றம்தான் அதற்கு வழக்கமான உதாரணம்: இரண்டு சாதாரணக் கணக்குகள், அந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை மட்டும் ஒன்று கொடுக்கும் கணக்கு, மற்றது பெறும் கணக்கு. யார் எந்த ரோலில் என்பதை 'கான்டெக்ஸ்ட்' என்ற ஆப்ஜெக்ட் பிணைத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. வேலையின் முழுப் போக்கையும் ஒரே கோப்பில் படித்துவிடலாம்.

வகை மாறவே மாறாத இடத்தில், சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு மாதிரி, சப்கிளாஸே போதும்.