பழைய செவ்ரோலே டிரக்குக்கு எந்த என்ஜின் கம்ப்யூட்டர்? முதன்முறை மாற்றுபவர்களுக்கு

ஜெனரல் மோட்டார்ஸ் 1987 முதல் 1995 வரை தயாரித்த செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்களில் 5.7 லிட்டர் வி8 என்ஜின் பரவலாக வந்தது. "350" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில், பெட்ரோலைத் தெளிக்கும் இரண்டு இன்ஜெக்டர்களுடன் ஒரு த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருக்கும். பெட்ரோல், ஸ்பார்க் இரண்டையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இந்த என்ஜினை இன்னும் பழைய வண்டியில் ஏற்றுபவர்களும், கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்களும் முதலில் கேட்பது, "எது நல்ல கம்ப்யூட்டர்?" என்பதுதான். என்னைக் கேட்டால், முதலில் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ஏன் என்று 3ஆம் படியில் சொல்கிறேன்.

படி 1: உண்மையிலேயே கம்ப்யூட்டர்தான் போய்விட்டதா?

டேஷ்போர்டுக்கு அடியில் 12 துளைகள் உள்ள ஒரு பிளக் இருக்கும். அதன் மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருப்பது ஏ, அதற்கு அடுத்தது பி. சாவி ஆஃபில் இருக்கும்போது இந்த இரண்டையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். பிறகு சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். என்ஜின் விளக்கு ஒருமுறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னினால் அது கோடு (code) 12. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

51 வந்தால் கம்ப்யூட்டருக்குள் கணக்குகளை வைத்திருக்கும் சிப்பில் கோளாறு, அல்லது சிப் சரியாகப் பொருந்தவில்லை. 55 வந்தால்தான் கம்ப்யூட்டரையே சந்தேகிக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லையா? முதலில் பல்பையும் ஃப்யூஸையும் கிரவுண்ட் ஒயர்களையும் பாருங்கள். துருப்பிடித்த ஒரு கிரவுண்ட் ஒயருக்காக நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடக் கூடாது.

படி 2: லேபிளில் உள்ள எண்

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ள சர்வீஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த டிரக்குகளில் அதிகம் காணப்படுவது 1227747. கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்து 7747 என்பார்கள். 1994, 95 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் 16197427, அதாவது 7427 வரும். இரண்டின் பிளக்குகளும் வேறு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை அப்படியே மாட்ட முடியாது.

படி 3: கியர்பாக்ஸ்

தேர்வின் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். 700ஆர்4 என்ற பழைய ஆட்டோமேட்டிக், எந்த கியருக்கு எப்போது மாற வேண்டும் என்பதை எண்ணெய் அழுத்தத்தை வைத்துத் தானே முடிவு செய்யும். டார்க் கன்வர்ட்டரை (என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) லாக் செய்வது மட்டும்தான் கம்ப்யூட்டரின் வேலை. 7747க்கு அது எளிது. மேனுவல் கியர்பாக்ஸுக்கும் 7747 போதும்.

1993இல் டிரக்குகளுக்கு வந்த 4எல்60இ அப்படி இல்லை. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கம்ப்யூட்டர் ஆணையிட வேண்டும், எண்ணெய் அழுத்தத்தையும் அதுவே கட்டுப்படுத்தும். கனரக வண்டிகளின் 4எல்80இயும் அதே ரகம். இவற்றோடு 7747ஐ மட்டும் போட்டால் என்ஜின் ஓடும், ஆனால் கியர்பாக்ஸை இயக்க ஆள் இருக்காது. 7427 இரண்டையும் சேர்த்து நடத்தும்.

எது என்று தெரியவில்லையென்றால் வண்டிக்கு அடியில் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து த்ராட்டில் பாடிக்கு ஒரு கேபிள் போனால் அது 700ஆர்4. கேபிள் இல்லாமல், நிறைய ஒயர்களுடன் ஒரு பெரிய வட்டப் பிளக் இருந்தால் எலக்ட்ரானிக் வகை.

"ட்யூனிங் செய்ய 7427தானே நல்லது?" என்று கேட்கலாம். உண்மைதான். 7747 நொடிக்கு 160 பிட் வேகத்தில்தான் தகவல் அனுப்பும். ஒரு முழுத் தொகுப்பு லேப்டாப்புக்கு வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். 7427இன் வேகம் 8192. ஆனால் 700ஆர்4 வண்டியில் அதைப் போட ஒவ்வொரு ஒயரையும் இடம் மாற்றி, சிப்பையும் திருத்த வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள். 7747இலேயே வண்டியை நன்றாக ஓட வையுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

படி 4: சிப்

பெட்டி வெறும் உடம்புதான், மூளை சிப்பில் இருக்கிறது. என்ஜின் அளவு, கியர்பாக்ஸ், பெட்ரோல் கணக்கு, ஸ்பார்க் கணக்கு எல்லாம் அதில்தான். ஒரே 7747 பெட்டி, சிப்பை மாற்றினால் 4.3 லிட்டர் வி6க்கும் 7.4 லிட்டர் வி8க்கும் வேலை செய்யும்.

புதுப்பித்து விற்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் சிப் இல்லாமல் வரும். நானும் முதல்முறை இது தெரியாமல், பழைய பெட்டியைச் சிப்போடு திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவித்தேன். புதியதில் மாற்றி வைக்கும்வரை பழையதைக் கையைவிட்டுப் போக விடாதீர்கள். 7747இல் சிப்புக்குப் பக்கத்திலேயே கால்பேக் என்ற சிறு துண்டும் உண்டு. கம்ப்யூட்டர் தடுமாறும்போது வண்டியை எப்படியோ வீடு சேர்ப்பது அதுதான். அதையும் மாற்றி வையுங்கள். மறந்தால் கோடு 52 வரும்.

7427இல் நாக் சென்சாரின் (பெட்ரோல் தவறாக வெடிக்கும்போது வரும் தட்டொலியான நாக்கை உணர்வது) வடிகட்டியும் சிப் பலகையிலேயே இருப்பதால், வேறு என்ஜினின் பலகையைப் போட்டால் நாக்கைச் சரியாகக் கேட்காது.

படி 5: இன்ஜெக்டரும் வேக சென்சாரும்

அதே காலத்து செவ்ரோலே கேமரோ கார்கள் சிலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் இருந்தது. அவற்றின் 1227730 கம்ப்யூட்டரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அது மின்தடை அதிகமான இன்ஜெக்டர்களுக்கானது. த்ராட்டில் பாடி இன்ஜெக்டர்களின் தடை மிகக் குறைவு, நேரடியாக இணைத்தால் கம்ப்யூட்டருக்குள் இன்ஜெக்டர்களை இயக்கும் டிரைவர் மின்சுற்று சேதமாகலாம்.

7747க்கு மைலுக்கு 2000 துடிப்புகள் தரும் வேக சிக்னல் வேண்டும். பழைய வண்டியில் என்ஜினை ஏற்றுபவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது கோடு 24 வரும், கன்வர்ட்டர் லாக் ஆகாது.

படி 6: மாட்டுவது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சிப்பைத் தொடுமுன் வெறும் உலோகத்தைத் தொட்டு, உடம்பில் உள்ள ஸ்டேட்டிக்கை இறக்கிவிடுங்கள். சிப்பை எந்தப் பக்கம் வைத்திருந்தார்கள் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பின் கோடு 12 வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் அழுத்தம் 9 முதல் 13 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். என்ஜின் சூடானதும் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பாருங்கள். கறுப்புக் கோடு போட்ட பழுப்பு நிற ஒற்றை ஒயரின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். 5.7 லிட்டருக்குப் பொதுவாக 0 டிகிரி, பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் வேறு சொன்னால் ஸ்டிக்கர் சொல்வதே சரி. டைமிங் வைத்ததும் அந்த ஒயரை மறக்காமல் திரும்பச் செருகுங்கள். கழற்றியிருந்ததால் கோடு 42 பதிவாகியிருக்கும். பேட்டரியை அரை நிமிடம் கழற்றி மாட்டினால் அது அழிந்துவிடும்.